கையில் கிடைத்த கல் கற்காலக் கருவியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலில், ஓடைக்கரையில், செம்மண் மேட்டில் ஒரு கல் கண்ணில் படுகிறது. ஒரு பக்கம் கூராக இருக்கிறது, கையில் வைத்தால் வாகாகப் பொருந்துகிறது. உடனே படம் எடுத்து, "இது ஆதிமனிதன் பயன்படுத்தியதா?" என்று யாருக்காவது அனுப்புகிறோம். அப்படிக் கேட்பவர்களுக்காக எழுதியது இது. பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலத்தை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இலங்கை வாசகர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

ஒரு கல்லைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

அது எப்படி உடைந்திருக்கிறது என்பதை. உருவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாங்காய் வடிவக் கல், மீன் வடிவக் கல், கைப்பிடி வைத்த மாதிரி தோன்றும் கல் என்று ஆற்றில் எத்தனையோ கிடக்கும். தண்ணீரும் வெயிலும் எந்த உருவத்தையும் செய்துவிடும். ஆனால் ஒரு கல்லின் விளிம்பில், குறிப்பிட்ட கோணத்தில், அடுத்தடுத்துப் பல முறை அடித்துச் சில்லுகளைப் பெயர்ப்பது இயற்கைக்கு அவ்வளவு எளிதாக வராது. மனிதக் கையின் சான்று அந்த உடைப்பில்தான் இருக்கிறது.

அடித்து உடைத்த கல் என்று எப்படித் தெரியும்?

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கருவி செய்பவர் ஒரு கையில் மூலக்கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் உள்ள உருண்டைக் கல்லால் அதன் ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி அடிக்கிறார். அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு வடிவில் கல்லுக்குள் பரவும். அதன் வழியே ஒரு சில்லு பெயர்ந்து விழும். அப்படி விழுந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். மேல் நுனியில் அடி வாங்கிய சிறிய தட்டையான தளம் இருக்கும். அதற்கு நேர் கீழே, உட்பக்கத்தில், விரலால் தடவினால் உணரக்கூடிய ஒரு மெல்லிய புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பிலிருந்து சிப்பி ஓட்டின் வரிகளைப் போல அலை அலையாகக் கோடுகள் விரியும். தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகம் உடைந்து கிடந்தால் எடுத்துப் பாருங்கள், இவ்வளவும் அதில் தெளிவாகத் தெரியும். விரல் பத்திரம்.

சில்லு பெயர்ந்த மூலக்கல்லில் இதற்கு நேர்மாறான தடம் நிற்கும்: புடைப்புக்குப் பதில் ஒரு குழிவு. ஒரே ஒரு குழிவு மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மலையிலிருந்து உருண்ட கல்லுக்கும் வெள்ளத்தில் மோதிய கல்லுக்கும் ஒரு சில்லு பெயர்ந்து போகலாம். குழிவுகள் வரிசையாக இருக்கின்றனவா, ஒரே திசையிலிருந்து வந்தவையா, விளிம்பின் இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து அந்த விளிம்பைக் கூராக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, குழிவுகளின் வயது. ஒரே கருவியில் உள்ள தடங்கள் பொதுவாக ஒரே அளவு மங்கியிருக்கும், ஒரே நிறம் ஏறியிருக்கும். ஒன்று மழுங்கி, ஒன்று புத்தம் புதிதாகப் பளபளத்து, இன்னொன்று பாதி மங்கி என்று கலவையாக இருந்தால், அந்தக் கல் பல காலங்களில் எங்கெங்கோ இடிபட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கருவியின் மேல் டிராக்டர் கலப்பை பட்டும் புதுச் சில்லு போகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கல்லிலும் இந்த அடையாளங்கள் தெரியுமா?

தெரியாது. சீராக உடையும் நுண்மணிக் கற்களான செர்ட், ஜாஸ்பர் போன்றவற்றில் அச்சடித்த மாதிரி தெரியும். வட தமிழ்நாட்டின் பழைய கற்காலக் கருவிகளில் பெரும்பாலானவை குவார்ட்சைட்டில் செய்தவை. மணற்கல் பூமிக்குள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி உருவான கல் அது. அதில் புடைப்பு தெரியும், அலைகள் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

சிக்கல் வெங்கச்சங்கல்லில்தான். வெள்ளை வெளேரென்று எங்கும் கிடக்குமே, குவார்ட்ஸ், அது உள்ளேயே விரிசல் விட்ட கல். அடித்தால் கோணல்மாணலாகத் தெறிக்கும், புடைப்பே தெரியாமல் போகலாம். வெங்கச்சங்கல்லில் உண்மையான கருவிகள் நிறையவே உண்டு. ஆனால் ஒரு படத்தை மட்டும் பார்த்து இது கருவி என்று உறுதியாகச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். கருங்கல்லும் அப்படித்தான். பெரிய மணிகளாகச் சேர்ந்த கல்லில் கூர் விளிம்பு நிற்காது, அதனால் அதை உடைத்துக் கத்தி செய்ய யாரும் மெனக்கெடவில்லை. தீட்டவும் அரைக்கவும் அது உதவியது.

தமிழ்நாட்டில் கைக்கோடாரி உண்மையிலேயே கிடைக்கிறதா?

இந்தியாவில் பழைய கற்கால ஆய்வே இங்கிருந்துதான் தொடங்கியது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை எடுத்த ஒரு பள்ளத்தில் அடித்துச் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால்தான், 1859ல், பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் கிடைத்த இதே மாதிரிக் கற்கள் மனிதர் செய்தவைதான் என்று பிரிட்டிஷ் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி ஃபூட்டின் மனதில் இருந்தது. சரளைக்கு அள்ளிக்கொண்டிருந்த கற்களுக்கு நடுவே அந்த ஒன்றை அவர் கண் பிடித்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து, கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் ஓடையில் இன்னும் ஏராளமான கருவிகளைக் கண்டார்.

கைக்கோடாரி என்ற பெயரைக் கேட்டதும் கைப்பிடி போட்ட கோடாரியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். பிடியே கிடையாது. உள்ளங்கையில் அடங்கும், பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை கூர், மறுமுனை அகலம். இரண்டு முகங்களிலும் சில்லு பெயர்த்திருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு வளைந்து வளைந்து போகும். இதன் கூடப்பிறந்த மாதிரி இன்னொரு கருவியும் கிடைக்கும். அதற்குக் கூர்முனைக்குப் பதில் அகலமான நேர் விளிம்பு இருக்கும், வெட்டுக்கோடாரி என்று சொல்லலாம். அந்த நேர் விளிம்பைத் தீட்டியிருக்க மாட்டார்கள். பெரிய சில்லு ஒன்றைப் பெயர்த்தபோது இயல்பாக விழுந்த விளிம்பு அது.

அத்திரம்பாக்கம் கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டுகள் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு அங்கே 1999 தொடங்கி ஒழுங்கான முறையில் அகழாய்வு செய்தது. களிமண் அடுக்குகளுக்குள் புதைந்திருந்த கைக்கோடாரி வகைக் கருவிகளும் அவற்றைச் செய்தபோது விழுந்த சில்லுகளுமாக 3,500க்கு மேல் எடுத்தார்கள். அண்டக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் பெரிலியம், அலுமினியம் ஐசோடோப்புகளை அளந்தும், மண் அடுக்கில் பதிந்த பூமியின் காந்தத் திசையைப் பார்த்தும் வயதைக் கணித்தார்கள். 2011ல் வெளியான முடிவு, சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள், குறைந்தபட்சம் 10 லட்சத்துக்கும் மேல் என்றது.

அதே இடத்தின் மேலடுக்குகளில் கைக்கோடாரிகள் குறைந்து, திட்டமிட்டு வடிவமைத்த மூலக்கல்லிலிருந்து பெயர்த்த சில்லுக் கருவிகள் வருகின்றன. அந்த மாற்றம் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018ல் அதே குழு எழுதியது. இந்தியாவுக்கு இந்தத் தொழில்நுட்பம் மிகவும் தாமதமாக, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கையோடுதான் வந்தது என்று சொல்லிவந்த கதையை மறுபடி யோசிக்க வைத்த ஆய்வு அது.

அப்படியானால் எனக்குக் கிடைத்த கைக்கோடாரிக்கும் 15 லட்சம் வயது என்று சொல்லிக்கொள்ளலாமா?

கூடாது. அத்திரம்பாக்கத்தில் வயது சொல்ல முடிந்ததே, கருவிகள் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தன என்பது தெரிந்ததால்தான். மண்மேல் தனியாகக் கிடந்த கல்லுக்கு அந்தத் துணை இல்லை. வடிவத்தை வைத்து, இது பழைய கற்காலத்தின் முற்பகுதி வகை என்று மட்டும் சொல்லலாம். அந்த வகையே பல லட்சம் ஆண்டுகள் செய்யப்பட்டு வந்தது. கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். கல்லில் அளக்கக் கரிமம் இல்லை. கூடவே கரியோ எலும்போ இருந்தாலும், அந்த முறை ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது.

மேற்பரப்பின் நிறத்தை வைத்து வயது சொல்பவர்களும் உண்டு. செம்மண்ணில் கிடந்தால் கல்லில் செம்மை ஏறும், வெளியில் கிடந்தால் மங்கும். எவ்வளவு வேகமாக ஏறும் என்பது மண்ணுக்கு மண், கல்லுக்குக் கல் மாறும்.

தேரிக்காட்டில் சின்னச் சின்னக் கற்கள் கிடைக்கின்றன. அவையுமா?

நல்ல வாய்ப்பு இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி கடற்கரையோரத் தேரிகள், அதாவது சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம் பக்கத்துச் செம்மணல் மேடுகள், நுண்கற்கருவிகளுக்குப் பெயர்போனவை. சாயர்புரம் பக்கத்தில் இவற்றை முதலில் கவனித்தவரும் ஃபூட்தான். பிறகு சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விரிவாக ஆராய்ந்து 1956ல் எழுதினார்கள்.

நுண்கற்கருவி என்றால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். பிறை வடிவம், முக்கோணம், சரிவகம், கத்தி அலகு போன்ற மெல்லிய சிறு சில்லுகள் ஆகியவை அடிக்கடி வரும் உருவங்கள். ஒரு விளிம்பு சவரக்கத்தி மாதிரி மெல்லியதாக இருக்கும். எதிர் விளிம்பை நுணுக்கமாகக் கொத்தி மழுக்கியிருப்பார்கள். அந்த மழுக்கிய பக்கம்தான் முக்கியமான சான்று. அதை மரத்திலோ எலும்பிலோ ஒரு பள்ளம் வெட்டி, பிசின் வைத்து வரிசையாக ஒட்டி, அம்பாகவோ அரிவாளாகவோ ஆக்கியிருக்கிறார்கள். தேரியில் வெங்கச்சங்கல்லும் செர்ட்டும்தான் அதிகம். இரண்டு முகமும் செதுக்கிய சிறிய கூர்முனைகளும் அங்கே கிடைத்திருக்கின்றன.

தேரியில் இன்னொரு வசதி உண்டு: அந்த மணலுக்குள் இயற்கையாகக் கல் கிடையாது. காற்றில் பறந்து சேர்ந்த மணல், காற்றால் விரல் பருமன் கல்லைத் தூக்கிவர முடியாது. அங்கே ஒரு செர்ட் சில்லு கிடந்தால், யாரோ கொண்டுவந்து போட்டதாகத்தான் இருக்க வேண்டும். எப்போது கொண்டுவந்தார்கள் என்பது வேறு கேள்வி. காவிரி டெல்டாவின் வண்டலுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

கோயில் மரத்தடியில் வழவழப்பான கற்கோடாரிகளை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவை என்ன?

புதிய கற்காலக் கோடாரிகளாக இருக்கலாம். சேர்வராயன் மலை, சவ்வாது மலைப் பக்கங்களில் இப்படி வைத்து வழிபடுவது பல முறை பதிவாகியிருக்கிறது. நிலத்தை உழும்போதோ மழையில் மண் கரைந்தபோதோ கிடைத்த கற்களைப் பிள்ளையாராகக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஐரோப்பாவிலும் இதே கோடாரிகளை இடியோடு விழுந்த கல் என்று நம்பி வீட்டில் வைத்திருந்தார்கள்.

டோலரைட், பசால்ட் போன்ற கரிய, கனமான, இறுக்கமான கல்லில் இவற்றைச் செய்தார்கள். முதலில் அடித்து உருவம் கொடுப்பது, பிறகு கொத்திக் கொத்தி மேடுபள்ளத்தைச் சமன் செய்வது, கடைசியில் பாறையில் நீரும் மணலும் விட்டுத் தேய்ப்பது. கர்நாடகத்தில் பெல்லாரி அருகே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் இந்த வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது. பாதி செய்து கைவிட்ட கோடாரிகளும் மலையளவு சில்லுகளும் தேய்த்த பள்ளங்கள் விழுந்த பாறைகளும் அங்கே உண்டு. நம் பக்கம் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளி, கோவையை அடுத்த மோளப்பாளையம் போன்றவை அகழாய்வு நடந்த புதிய கற்கால ஊர்கள்.

அடையாளம் காண, வெட்டும் முனையைப் பாருங்கள். இரண்டு முகங்களும் மெல்ல வளைந்து வந்து ஒரு நேரான அல்லது லேசாக வளைந்த கூரில் சேரும். அங்கேதான் வழவழப்பு அதிகம். பின்முனை குறுகி, பெரும்பாலும் கொத்திய தடத்தோடு சொரசொரப்பாக நிற்கும். கல் முழுக்க ஒரே அளவு வழவழப்பாக, கூரே இல்லாமல் இருந்தால் அது ஆறு தேய்த்த கூழாங்கல்.

கோயிலில் இருக்கும் கற்களை எடுக்கவோ புரட்டவோ வேண்டாம். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டு, இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டால் போதும். எங்கே கிடைத்தது என்று அவர்கள் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்லைவிட அந்தக் கதை ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும்.

யூடியூபில் அமெரிக்கர்கள் அழகழகான அம்புமுனைகளை எடுக்கிறார்களே, இங்கே கிடைக்காதா?

அந்த மாதிரி கிடைக்காது. அடியில் இரு பக்கமும் வெட்டு வைத்த, இலை வடிவ அம்பு முனைகளும் ஈட்டி முனைகளும் வட அமெரிக்கப் பழங்குடிகளின் மரபு. அங்கே தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு மேற்பரப்பில் எடுப்பதைப் பல மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் அது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கே தேடுகிறவர், நம் ஊர் நுண்கற்கருவி காலடியில் கிடந்தாலும் மிதித்துக்கொண்டு போய்விடுவார். கண்ணைப் பழக்க அந்தக் காணொளிகள் உதவாது. கல் உடைத்துக் காட்டும் காணொளிகள் உதவும்.

அடிக்கடி ஏமாற்றும் கற்கள் எவை?

பட்டியல் பெரிது. என் கணக்கில் முதலிடம் ஜல்லிக்கு. கிரஷரில் உடைந்த கல்லும், அந்தக் காலத்தில் சுத்தியலால் உடைத்த கல்லும் அடிபட்டவைதான். அதனால் தளம், புடைப்பு எல்லாம் அவற்றில் இருக்கும். ரயில் பாதை ஓரம், பழைய சாலை ஓரம், கட்டடம் இடித்த மண் கொட்டிய இடம் ஆகியவற்றில் எடுத்த எந்தக் கல்லையும் முதலில் சந்தேகப்படுங்கள். கருங்கல்லாக, விளிம்பெல்லாம் புதிதாக இருந்தால் அநேகமாக ஜல்லி.

அடுத்தது அம்மி கொத்திய சில்லு. அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர் உளியால் தட்டும்போது தெறித்த துணுக்குகள் பழைய ஊர்களின் வாசல் மண்ணில் கிடக்கும். சிக்கிமுக்கிக் கல்லும் இதே மாதிரி. தீக்குச்சி வருவதற்கு முன்னும், வந்த பிறகு கொஞ்ச காலமும், இரும்பில் உரசி நெருப்பு எடுக்க வைத்திருந்த கற்களின் ஓரம் அடிபட்டுச் சில்லு சில்லாகப் போயிருக்கும். நுண்கற்கருவி என்று நினைத்து ஏமாறுவது எளிது.

இயற்கை செய்யும் வேலைகளும் உண்டு. கோடை வெயிலில் சூடேறிய பாறை திடீர் மழையில் குளிர்ந்தால் தோல் உரிந்த மாதிரி வளைந்த தகடுகளாகப் பிரியும். காட்டுத்தீயில் வெந்த கல்லிலிருந்து கிண்ணம் போன்ற வட்டத் துண்டுகள் தெறிக்கும். இரண்டிலும் அடி விழுந்த தளம் இருக்காது, அதை வைத்துப் பிரித்துவிடலாம். செம்பூரான் கல் பகுதியில் கிடைக்கும் உருண்டையான இரும்புக் கட்டிகளைப் பீரங்கிக் குண்டு என்றும் கவண்கல் என்றும் கொண்டுவருவார்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைப் பக்கம் கல்லாக மாறிய மரத்துண்டுகள் கிடைக்கின்றன. நார் ஓடிய அந்தக் கற்கள் கருவி இல்லை. அவற்றின் வயது கோடி ஆண்டுகள் கணக்கு, அந்தக் காலத்தில் மனிதரே கிடையாது.

கைக்கு வாகாகப் பொருந்துகிறது என்பதைச் சான்றாகச் சொல்பவர்கள் அதிகம். கை எந்தக் கல்லுக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ளும். அதைச் சான்றாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

உடையாத உருண்டைக் கல் கருவியாக இருக்க வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. மூலக்கல்லை அடிக்கப் பயன்பட்ட சுத்தியல் கல் ஆற்றுக் கூழாங்கல்தான். அதன் முனையில் மட்டும் நெருக்கமாகப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும், மற்ற இடமெல்லாம் வழவழப்பாக இருக்கும். நடுவே குழிந்த அரைக்கும் கல்லும் அதற்கான உருட்டுக்கல்லும் புதிய கற்காலத்திலும் அதற்குப் பிறகு வெகுகாலமும் புழங்கியவை. இவற்றைத் தனியாகக் கண்டால் காலம் சொல்லவே முடியாது. பக்கத்தில் என்ன பானை ஓடு, என்ன சில்லு கிடந்தது என்பதுதான் பேசும்.

கல்லை வீட்டுக்கு எடுத்துவரலாமா? விற்றால் என்ன?

எடுக்காமல் இருப்பதே நல்லது. விற்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள பொருள்கள் தொல்பொருள் வரையறைக்குள் வரும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தோண்டுவது தனிக் குற்றம். இணையத்தில் கைக்கோடாரி என்று போட்டு விலை சொல்கிறவரிடம் வாங்கினால், பொருள் உண்மையானால் சட்டச் சிக்கல், போலியானால் பணம் போச்சு.

சட்டத்தை விடுங்கள். ஒரு கருவியை இடத்திலிருந்து எடுத்த நொடியே அதன் பாதிச் செய்தி போய்விடுகிறது. அது ஓடையின் எந்தக் கரையில், எந்த அடுக்கிலிருந்து சரிந்து விழுந்தது, சுற்றிலும் சில்லுகள் இருந்தனவா என்பதெல்லாம் இடத்தோடு ஒட்டிய செய்திகள். சில்லுகள் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து கருவி செய்திருக்கிறார்கள் என்று பொருள். அழகான ஒன்றை மட்டும் பொறுக்கிவந்தால், அந்த இடத்தை அடுத்து ஆராய வருபவருக்குக் கழிவுச் சில்லுகள் மட்டும் மிஞ்சும், அவர் தப்பான முடிவுக்கு வருவார்.

சரி, ஏற்கெனவே எடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கழுவாதீர்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் மண்ணும் பிசினும்கூடச் செய்திதான். கம்பி பிரஷ், ஆசிட், எண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டால் அதை எடுக்கிறேன் என்று தேய்க்காதீர்கள், அப்படியே விடுங்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு தட்டு தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

எடுத்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஊர், கண்மாய் அல்லது ஓடையின் பெயர், மேற்பரப்பிலா வெட்டிய பள்ளத்திலா, எந்தத் தேதி என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, கல்லோடு ஒரே பையில் போடுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயம் போதும். இரண்டு முகம், இரண்டு பக்கவாட்டு, மேல் முனை, கீழ் முனை எல்லாம் வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் தடங்கள் தெரியாது. காலை அல்லது மாலைச் சாய்வு வெளிச்சத்தில் எடுங்கள், குழிவுகளின் ஓரத்தில் நிழல் விழும். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் பிளாஷ் போட்டு எடுத்தவை. அவற்றை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

யாரிடம் சொல்ல வேண்டும்? பிறகு நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ?

கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகச் சொல்லலாம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலரிடமோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திடமோ நேரிலும் போகலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் தொல்லியல் துறைகளும் பார்த்துச் சொல்வார்கள்.

நிலம் பறிபோகும் என்ற பயத்தில் கல்லைக் கிணற்றில் போட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு கல் கிடைத்ததற்காக யாரும் வயலை எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் ஒருவர் வந்து பார்த்து, பதிவு செய்துவிட்டுப் போவார்.

மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் 2006ல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுக் கொல்லையில் வாழை, தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டியபோது வழவழப்பான ஒரு கற்கோடாரி கிடைத்தது. அவர் அதைத் தொல்லியல் துறைக்குத் தெரிந்தவர் வழியே காட்டினார். அதன் மேல் உள்ள கீறல்கள் சிந்துவெளிக் குறிகளே என்று எழுத்தியல் அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அந்த வாசிப்பை ஏற்காதவர்களும் உண்டு, விவாதம் நடக்கிறது. கல்லே கிடைக்காத டெல்டா மண்ணில் அந்தக் கோடாரி எங்கிருந்து வந்தது என்பதே எனக்கு அந்தக் குறிகளைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்களா?

நுண்கற்கருவிகளையும் புதிய கற்காலக் கோடாரிகளையும் செய்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். அத்திரம்பாக்கத்துப் பழைய கைக்கோடாரிகள் நம் இனம் தோன்றுவதற்கு வெகு முன்பே செய்யப்பட்டவை. அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. 1982ல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த மண்டையோட்டுப் பகுதிதான் இந்தியாவில் அந்தப் பழைய மனிதர்களின் பெயர்பெற்ற எலும்புச் சான்று.

இலங்கையில் என்ன வகைக் கருவிகள் கிடைக்கின்றன?

ஈரவலயக் காட்டுக் குகைகளான பாகியன்கல, பட்டதொம்பலென ஆகியவற்றில் குவார்ட்ஸ் நுண்கற்கருவிகள் அடுக்கடுக்காகக் கிடைத்திருக்கின்றன. பாகியன்கலவில் அவை ஏறக்குறைய 48,000 ஆண்டுகள் முன்பிருந்தே தொடங்குகின்றன. குரங்கு, அணில் போன்ற மரவாழ் விலங்குகளை வேட்டையாடி மழைக்காட்டில் வாழ்ந்தவர்களின் கருவிகள் அவை. வடக்கே இரணைமடுவின் பெயரில் வழங்கும் செம்மண், சரளைப் படிவத்திலும் கற்கருவிகள் உண்டு. தூத்துக்குடித் தேரியைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் செம்மண் புதிதாக இருக்காது. அங்கே 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கண்டிப்பானது. இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள்கள் அரசுக்குச் சொந்தம், அனுமதியின்றித் தேடித் தோண்டுவது குற்றம்.

கண்ணைப் பழக்கிக்கொள்ள உண்மையான கருவிகளை எங்கே பார்க்கலாம்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். ஃபூட் தன் வாழ்நாள் சேகரிப்பை 1904ல் அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் விற்றார். திருவள்ளூர் மாவட்டம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது, அத்திரம்பாக்கமும் குடியம் குகைகளும் அதே வட்டாரம்தான். போகும்போது கைக்கோடாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், பக்கத்தில் வைத்திருக்கும் சில்லுகளையும் மூலக்கற்களையும் நிதானமாகப் பாருங்கள். வெளியில் உங்கள் கண்ணில் அதிகம் படப்போவது அவைதான். விடுமுறை நாளா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.